அமிலாய்டு நிறைந்த மூளை, கலங்காத நினைவு: கொலம்பியப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவாகச் சேர்ந்தால் அல்சைமர் என்ற மறதிநோய் வரும், நினைவு போகும். கடந்த முப்பது ஆண்டுகளில் இந்த நோய்க்கு மருந்து தேடியவர்களில் பெரும்பாலோர் இதை நம்பித்தான் வேலை செய்தார்கள். 2019-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, ஒரே ஒரு பெண்ணை முன்வைத்து அந்த நம்பிக்கையை உரசிப் பார்த்தது. அவர் மூளையில் அமிலாய்டு அளவுக்கு மீறி இருந்தது. நாற்பதுகளிலேயே நினைவு தடுமாறத் தொடங்கும் என்று அவருடைய மரபணு சொன்னது. ஆனால் எழுபது வயதைத் தாண்டும்வரை அவருக்குக் குறிப்பிடும்படியான மறதி எதுவும் வரவில்லை.

அமிலாய்டு கொள்கை தவறு என்பவர்களும் சரி என்பவர்களும் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பது இதே பெண்ணைத்தான். இரண்டு தரப்புமே இந்த நிகழ்வை முழுதாகப் படிக்கவில்லை என்பது என் எண்ணம்.

குடும்பம்

கொலம்பியாவின் அந்தியோக்கியா மாகாணத்தில், மெடலின் நகரைச் சுற்றியுள்ள மலை ஊர்களில், தலைமுறை தலைமுறையாக நடுவயதிலேயே மறதிநோய் வரும் குடும்பங்கள் உண்டு. ஊர்க்காரர்கள் அதை 'லா போபேரா' என்பார்கள்; புத்தி மழுங்கிப்போவது என்று வைத்துக்கொள்ளலாம். சாபம் என்றவர்களும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் நரம்பியல் பயிற்சியில் இருந்த பிரான்சிஸ்கோ லோபெரா என்ற இளம் மருத்துவர், நாற்பதுகளில் நினைவிழந்த ஒருவரைப் பரிசோதித்தார். அவருடைய உறவினர்களுக்கும் அதே கதை என்று தெரிந்ததும் விடாமல் தோண்டத் தொடங்கினார். செவிலியர் லூசியா மாட்ரிகலும் அவரும் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, வீடு வீடாக விசாரித்து வம்ச வரைபடம் போட்டார்கள். அந்தப் பகுதியில் ஆயுதக் குழுக்களின் மோதல் உச்சத்தில் இருந்த காலம் அது.

அந்த வரைபடம் விரிந்துகொண்டே போய், கடைசியில் ஏறத்தாழ 6,000 பேர் கொண்ட பெருங்குடும்பமாக நின்றது. அவர்களில் 1,200 பேர் அளவில் பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிய வடிவத்தைச் சுமக்கிறார்கள். அந்தப் புரதத்தின் 280-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் அலனின் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்துவிட்டால் தப்ப வழியில்லை என்றே கருதப்பட்டது. சராசரியாக 44 வயதில் லேசான அறிதிறன் குறைபாடு, 49-இல் முழு மறதிநோய், 60-ஐ ஒட்டி மரணம். மரபணுப் பரிசோதனை செய்தால் ஒருவருக்கு நோய் எப்போது தொடங்கும் என்பதைச் சில ஆண்டு பிசகோடு சொல்லிவிடலாம். அல்சைமர் ஆராய்ச்சியில் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம்.

இந்த மாற்றம் என்ன செய்கிறது?

நரம்பணுக்களின் சவ்வில் அமிலாய்டு முன்னோடிப் புரதம் என்று ஒன்று குத்தி நிற்கிறது. உடல் அதை வழக்கமாக வெட்டிக் கழிக்கும். பீட்டா செக்ரட்டேஸ் என்ற நொதி ஓரிடத்தில் வெட்டியபின், காமா செக்ரட்டேஸ் இன்னோரிடத்தில் வெட்டினால் இடையில் விழும் துண்டுதான் அமிலாய்டு பீட்டா. காமா செக்ரட்டேஸின் வெட்டும் பகுதியே பிரெசெனிலின். இந்த இரண்டாவது வெட்டு அவ்வளவு துல்லியமானது அல்ல. துண்டு சில நேரம் 40 அமினோ அமிலங்களோடும் சில நேரம் 42-ஓடும் வரும். அந்தக் கூடுதல் இரண்டும் நீரை வெறுப்பவை. அதனால் 42 நீளத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் துடிக்கும். பிரெசெனிலினில் பிறழ்வு இருந்தால் 42-இன் விகிதம் கூடுகிறது. பிறந்த நாளிலிருந்தே கூடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. புரத இழைகள் நாரின் நீளத்துக்குக் குறுக்காக, ஏணிப் படிகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்கின்றன. படிக்கும் படிக்கும் இடைவெளி ஏறக்குறைய 4.8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்). நுனியில் இருக்கும் படி, அடுத்து வரும் புரதத்தையும் தன் வடிவத்துக்கு மடித்துவிடும். இப்படியே நார் வளரும். காங்கோ சிவப்பு என்ற சாயத்தை ஏற்றி, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால் இந்த அடுக்கு ஆப்பிள் பச்சையாக மின்னும். நோயியல் ஆய்வகங்களில் அமிலாய்டை அடையாளம் காண இன்றும் நம்பப்படும் பழைய சோதனை இதுதான்.

இந்த அடுக்குமுறை அமிலாய்டு பீட்டாவுக்கு மட்டும் உரியதல்ல. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின், ஹன்டிங்டன் நோயில் ஹன்டிங்டின், க்ராய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோயில் பிரியான் என எல்லாமே இதே பாணியில்தான் திரள்கின்றன. அல்சைமரின் இன்னொரு புரதமான டௌவும் அப்படித்தான். 2017-இல் ஓர் அல்சைமர் நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த டௌ இழைகளைக் குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அளவுக்குப் படம்பிடித்தபோது அதே ஏணிதான் தெரிந்தது. ஆக, கட்டமைப்பைப் பொறுத்தவரை அல்சைமர் மூளையில் இரண்டு அமிலாய்டுகள் இருக்கின்றன. பீட்டா, அணுக்களுக்கு வெளியே படிவாகச் சேர்கிறது. டௌ அணுக்களுக்கு உள்ளே முடிச்சாகச் சேர்கிறது. எந்த நோயாளிக்கு எவ்வளவு மறதி என்பதோடு நெருங்கி ஒத்துப்போவது டௌவின் பரவல்தான். படிவுகளின் எண்ணிக்கை அல்ல. இது நோயியலாளர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். இந்தக் கட்டுரையில் இனி 'அமிலாய்டு' என்று மட்டும் எழுதினால் பீட்டாவைக் குறிக்கும்.

ஸ்கேனில் கண்டது

அந்தப் பெண்ணுக்குக் குடும்பத்தின் பிரெசெனிலின் பிறழ்வு இருப்பது உறுதியாகியிருந்தது. 44 வயது வந்து போனது, 49-உம் போனது. எழுபதுகளில்தான் அண்மைய நிகழ்வுகளை மட்டும் மறக்கும் லேசான குறைபாடு தொடங்கியது. அதாவது எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ முப்பது ஆண்டு தாமதம். ஆய்வுக்குழுவினர் அவரைக் கொலம்பியாவிலிருந்து பாஸ்டனுக்கு வரவழைத்து, மூளைக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்று படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள்.

குழுவில் இருந்த எல்லோரும் முதலில் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. நோய் வரவில்லை என்றால் அமிலாய்டு சேரவில்லை என்றுதானே பொருள்? படம் நேர்மாறாகச் சொன்னது. அமிலாய்டில் ஒட்டும் சுவடுபொருளை ஏற்றி எடுத்த படத்தில், இதே பிறழ்வோடு நாற்பதுகளில் நினைவு தடுமாறிய உறவினர்களைவிட இவருக்கு அமிலாய்டு அதிகம். அடுத்து டௌவுக்கான ஸ்கேன். அங்கேதான் வித்தியாசம். இந்தக் குடும்பத்தில் நோய் முற்றியவர்களுக்கு டௌ மூளைப் புறணி முழுக்கப் பரவியிருக்கும். இவருக்கு அது சில பகுதிகளோடு நின்றிருந்தது. அல்சைமர் வழக்கமாகச் சோர்வடையச் செய்யும் பகுதிகள் இவரிடம் குளுக்கோஸை நன்றாகவே எரித்துக்கொண்டிருந்தன.

அமிலாய்டு அதிகமாக இருந்ததில் ஒரு வகையில் வியப்பில்லை. மற்றவர்கள் ஐம்பதை ஒட்டிப் படுத்துவிட, இவர் மட்டும் இன்னும் இருபது, முப்பது ஆண்டு வாழ்ந்து அதே வேகத்தில் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். வியப்பு, அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில்தான்.

இரண்டாவது பிறழ்வு

மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்ததில் ஏபோஈ மரபணுவில் ஓர் அரிய மாற்றம் கிடைத்தது. 1987-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் முதலில் விவரிக்கப்பட்டதால் அதற்குக் கிறைஸ்ட்சர்ச் பிறழ்வு என்று பெயர். ஏபோஈ புரதத்தின் 136-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் செரின். இந்தப் பெண்ணுக்குத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒவ்வொன்றாக இரண்டு பிரதிகள் வந்திருந்தன. நெருங்கிய வம்சங்களுக்குள்ளேயே திருமணம் நடக்கும் மலை ஊர்களில் இப்படிப்பட்ட தற்செயலுக்கு வாய்ப்பு அதிகம்.

ஏபோஈ கொழுப்பைச் சுமக்கும் புரதம். இதன் நான்காம் வடிவம் பொதுவான அல்சைமருக்குப் பெரிய அபாயக் காரணி என்பது 1993 முதலே தெரியும். ஆனால் கிறைஸ்ட்சர்ச் மாற்றம் விழுந்திருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அணுக்களின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற, எதிர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏபோஈ அவற்றைப் பிடித்துக்கொள்வது தன் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு பட்டையால். ஆர்ஜினின் நேர்மின்னூட்டம் உடையது, செரினுக்கு மின்னூட்டம் கிடையாது. பட்டையிலிருந்து ஓர் ஆர்ஜினின் கழன்றதும் பிடி தளர்ந்துவிட்டது. ஆய்வகத்தில் சோதித்தபோது, ஏபோஈ வடிவங்களிலேயே ஹெப்பரானோடு ஆகக் குறைவாக ஒட்டியது இதுதான்.

அதே ஹெப்பரான் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டுதான் டௌ திரள்களும் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குள் நுழைகின்றன. ஆகவே முன்வைக்கப்பட்ட விளக்கம் இது: அமிலாய்டு சேர்ந்தது, ஆனால் அதைத் தொடர்ந்து டௌ பரவவேண்டிய பாதை இந்தப் பெண்ணிடம் அடைபட்டிருந்தது. 2023-இல் கிறைஸ்ட்சர்ச் வடிவத்தை எலிகளில் செலுத்திப் பார்த்த ஆய்விலும், அமிலாய்டு இருக்கும்போது டௌ விதைந்து பரவுவது குறைந்தது. மைக்ரோகிளியா என்ற மூளையின் துப்புரவு அணுக்கள் டௌவை இன்னும் சுறுசுறுப்பாக விழுங்கியதும் காரணங்களில் ஒன்று என்று அதில் தெரிந்தது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பிடி தளர்ந்த ஏபோஈ, இரத்தத்தில் உள்ள கொழுப்புத் துகள்களை ஈரல் சரியாக எடுத்துக்கொள்ள உதவாது. அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் வகை மிகைக்கொழுப்புப்புரத நோய் இருந்தது. மூளையைக் காத்த பிறழ்வு இரத்தத்தைக் கெடுத்தது. இதை மருந்தாக்க நினைப்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அவர் 77 வயதில் இறந்தார். காரணம் மறதிநோய் அல்ல, மெலனோமா என்ற தோல் புற்றுநோய். மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான உடற்கூறாய்வு முடிவு ஸ்கேன் சொன்னதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. அமிலாய்டு படிவுகள் நிறைய. டௌவின் பரவலோ வழக்கத்துக்கு மாறு: முன்மூளைப் புறணி பெருமளவு தப்பியிருந்தது, பிடரிப் பக்கத்தில் மட்டும் முடிச்சுகள் மிகுந்திருந்தன.

ஒருவரை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு மனிதருக்குள் பல இலட்சம் மரபணு வேறுபாடுகள் இருக்கும். காத்தது கிறைஸ்ட்சர்ச்தான் என்று ஒரே ஒருவரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கட்டுரை எழுதியவர்களும் அதை மறைக்கவில்லை. குடும்பத்தில் இந்தப் பிறழ்வின் ஒற்றைப் பிரதி உள்ளவர்களையும் அவர்கள் தேடினார்கள். பிரெசெனிலின் பிறழ்வோடு ஒற்றைப் பிரதியும் இருந்து, நோய் வெளிப்பட்ட நால்வர் கிடைத்தார்கள். அவர்களுக்குச் சராசரியாக 45 வயதிலேயே குறைபாடு தொடங்கியிருந்தது. சரி, ஒற்றைப் பிரதியால் பலனில்லை என்று 2019-இல் பலரும் முடிவுக்கு வந்தார்கள்.

நால்வர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை என்பது ஐந்து ஆண்டு கழித்துத் தெரிந்தது. 2024-இல் யாக்கேல் கிரோஸ் தலைமையிலான குழு, பிரெசெனிலின் பிறழ்வு உள்ள வம்சாவளியினர் 1,077 பேரைச் சலித்து, ஒற்றைப் பிரதி கிறைஸ்ட்சர்ச் உள்ள 27 பேரைக் கண்டுபிடித்தது. அவர்களுக்குக் குறைபாடு தொடங்கிய நடுமதிப்பு வயது 52. அது இல்லாதவர்களுக்கு 47. முழு மறதிநோய்க்கு 54-உம் 50-உம். முப்பது ஆண்டு பாதுகாப்பு இல்லைதான். ஆனால் நாற்பத்தேழில் நினைவிழக்கப்போகும் ஒருவருக்கு ஐந்து ஆண்டு என்பது, பிள்ளைகளின் படிப்பையோ திருமணத்தையோ தெளிந்த புத்தியோடு பார்க்கக் கிடைக்கும் காலம். என்னைப் பொறுத்தவரை, பத்திரிகைகள் கொண்டாடிய முதல் அறிக்கையைவிட அதிகம் கவனிக்கப்படாத இந்த இரண்டாவது அறிக்கைதான் கனமான சான்று.

நடுவில், 2023-இல், அதே பெருங்குடும்பத்தில் தப்பிய இன்னொருவரும் தென்பட்டார். ஆண். 67 வயதுவரை அவருக்கு அறிதிறன் குறையவில்லை. 70-இல் லேசான குறைபாடு, 72-இல் மறதிநோய், 74-இல் மரணம். அவரிடம் கிறைஸ்ட்சர்ச் இல்லை. ரீலின் என்ற வேறொரு புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருந்தது. அவருக்கும் அமிலாய்டு ஏராளம். ஆனால் நினைவின் வாசலான என்டோரைனல் புறணியில் டௌ மிகக் குறைவு. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ரீலினும் ஏபோஈயும் நரம்பணுவின் ஒரே ஏற்பிகளுக்குப் போட்டிபோடுபவை. ரீலின் அங்கே ஒட்டினால் டௌவில் பாஸ்பேட் ஏறுவது குறைகிறது. பாஸ்பேட் மிகையாக ஏறிய டௌதான் முடிச்சாகிறது. இரண்டு வேறு மரபணுக்கள், இரண்டு வேறு மனிதர்கள், இருவரையும் காத்த இடம் ஒன்றே: அமிலாய்டுக்கும் டௌவுக்கும் நடுவே.

அப்படியானால் அமிலாய்டு குற்றவாளி இல்லையா?

அப்படிச் சொல்பவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்கலாம். இந்தக் குடும்பத்தின் நோயே அமிலாய்டை வெட்டும் நொதியின் பிறழ்வால் வருகிறது. டௌ மரபணுவில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. டௌ மரபணு மட்டும் பிறழ்ந்தால் வருவது அல்சைமர் அல்ல, நெற்றி-பொட்டு மடல்களைத் தாக்கும் வேறொரு மறதிநோய். அப்புறம், 2012-இல் ஐஸ்லாந்தில் கண்டறிந்த பிறழ்வு. முன்னோடிப் புரதத்தில் பீட்டா வெட்டு விழும் இடத்தருகே ஒரு சிறு மாற்றம்; ஆய்வகத்தில் அது அமிலாய்டு உற்பத்தியை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்தது; அதைச் சுமப்பவர்களுக்கு அல்சைமர் வெகு அரிது. அமிலாய்டுக்குப் பங்கில்லை என்றால் இதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

என் வாசிப்பு இதுதான். அமிலாய்டு நோயைத் தொடங்கிவைக்கிறது. நினைவை அழிக்கும் வேலையை டௌ செய்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கண்ணியை அறுக்க முடியும். இந்தப் பெண்ணின் மூளை அது முடியும் என்பதற்கான நடைமுறைச் சான்று. அமிலாய்டு கொள்கையின் முதல் பாதியை அவர் பொய்யாக்கவில்லை. ஒன்று நடந்தால் மற்றொன்று தானாக நடந்தே தீரும் என்ற இரண்டாம் பாதியைத்தான் உடைத்தார்.

மருந்துச் சோதனைகளின் முடிவுகளும் இந்த வாசிப்போடு பொருந்துகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த 252 பேர் பங்கேற்க, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நினைவு தடுமாறும் முன்பே கிரெனெஸுமாப் என்ற அமிலாய்டு எதிர்ப்பு ஆன்டிபாடியைக் கொடுத்துப் பல ஆண்டு நடந்த சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. பலன் புள்ளியியல்படி நிரூபணமாகவில்லை. அந்த ஆன்டிபாடி படிவுகளைப் பெரிதாகக் கரைக்கவில்லை என்பதும் உண்மை. படிவுகளை நன்றாகவே கரைக்கும் லெக்கானெமாப், தொடக்கநிலை நோயாளிகள் 1,795 பேரிடம் 18 மாதம் சோதிக்கப்பட்டது. சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45. மருந்து பெற்றவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளையில் நீர்க்கோப்பு ஸ்கேனில் தெரிந்தது. அமிலாய்டை அகற்றினால் கொஞ்சம் பலன் உண்டு, டௌ ஏற்கனவே கிளம்பிவிட்டபின் அது கொஞ்சம் மட்டுமே என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஏபோஈ ஹெப்பரானைப் பிடிக்கும் அதே இடத்தை மறைக்கும் ஆன்டிபாடி ஒன்றை உருவாக்கி, கிறைஸ்ட்சர்ச்சைப் போலவே நடிக்கவைக்கும் முயற்சி இப்போதைக்கு எலிகளோடு நிற்கிறது.

நோயறிதலில் ஒரு சிக்கல்

நினைவு நன்றாக இருப்பவர்களிடமும் அமிலாய்டு தென்படுவது சாதாரணம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் 50 வயதில் 10 விழுக்காட்டினருக்கும், 90 வயதில் 44 விழுக்காட்டினருக்கும் இருந்தது. இவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் நிபுணர்கள் 2024-இல் வெளிப்படையாகவே இரண்டாகப் பிரிந்தார்கள். அமெரிக்காவின் அல்சைமர் சங்கம் கூட்டிய குழு, அமிலாய்டு ஸ்கேன் நேர்மறையாக இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் அது அல்சைமர்தான் என்றது. சர்வதேசப் பணிக்குழு ஒத்துக்கொள்ளவில்லை: அறிகுறி இல்லாதவர்களில் பெரும்பாலோரை அபாயத்தில் இருப்பவர்கள் என்று மட்டும் சொல்லலாம், பிரெசெனிலின் போன்ற பிறழ்வுகளைச் சுமப்பவர்களுக்கு நோய் வருவது கிட்டத்தட்ட உறுதி என்பதால் அவர்களைப் போன்றவர்களை 'அறிகுறிக்கு முந்தைய அல்சைமர்' என்ற தனி வகையில் வைக்கலாம்.

அந்தப் பெண்ணின் அறுபதாவது வயதுக்கு இந்த இரண்டு அளவுகோல்களையும் பொருத்திப் பாருங்கள். முதலாவது, நல்ல நினைவோடு இருந்தவரை அல்சைமர் நோயாளி என்று எழுதிவிடும். இரண்டாவது நிதானமானதுதான், ஆனால் அதிலும், நோய் வருவது உறுதி என்று ஒதுக்கிவைத்த வகைக்குள்ளேயே அவர் போய் விழுவார். குறைபாடு தொடங்க அப்போது இன்னும் பத்தாண்டுக்கு மேல் பாக்கி இருந்தது.